ஏப்ரலில் இருமல், அக்டோபரில் சாவு: பென்சில்வேனியா கோழிப் பண்ணைகளில் எச்5என்2, 1983–84

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1983ஆம் ஆண்டு கோழிகளைத் தாக்கிய பறவைக் காய்ச்சல், கால்நடை மருத்துவ வகுப்புகளில் இன்றும் சொல்லப்படும் நிகழ்வு. பெரும்பாலும் எத்தனை கோழிகள் அழிக்கப்பட்டன, எவ்வளவு செலவானது என்ற அளவில் அந்தக் கதை முடிந்துவிடும். என்னைப் பொறுத்தவரை அதில் கற்க வேண்டிய பகுதி சாவு தொடங்குவதற்கு முந்தைய ஆறு மாதங்கள். எச்5என்2 என்று பெயர் சூட்டப்பட்ட வைரஸ் ஏப்ரலிலேயே கையில் இருந்தது. அக்டோபரில் கோழிகளைக் கொன்றதும் அதே எச்5என்2தான். இடையில் எடுத்த முடிவும் எடுக்காமல் விட்ட முடிவும் இந்த ஆய்வின் பொருள்.

பின்னணி

பறவைக் காய்ச்சல் வைரஸ்களை அவற்றின் மேற்பரப்பில் உள்ள இரண்டு புரதங்களைக் கொண்டு துணைவகைகளாகப் பிரிக்கிறார்கள். முதலாவது ஹீமாக்ளூட்டினின், வைரஸ் செல்லுக்குள் நுழைய உதவுவது இது. இரண்டாவது நியூராமினிடேஸ், செல்லைவிட்டு வெளியேற உதவுவது. எச், என் என்ற எழுத்துகளும் எண்களும் குறிப்பது இவற்றைத்தான். இந்தப் பெயர் ஒரு குடும்பப் பெயரைப் போன்றது. வீட்டை அடையாளம் காட்டும். உள்ளே இருப்பவரின் குணத்தைச் சொல்லாது.

குணத்தைச் சொல்ல வேறு அளவுகோல் தேவைப்பட்டது. 1981இல் மேரிலாந்து மாநிலத்தின் பெல்ட்ஸ்வில்லில் நடந்த முதல் சர்வதேசப் பறவைக் காய்ச்சல் மாநாட்டில், 'கோழிக் கொள்ளைநோய்' என்ற பழைய பெயரைக் கைவிட்டு 'அதிவீரியப் பறவைக் காய்ச்சல்' என்ற சொல்லை ஏற்றுக்கொண்டார்கள். ஆய்வகத்தில் வைரஸைக் கோழிகளுக்குச் செலுத்தி, எட்டு நாட்களுக்குள் நான்கில் மூன்று பங்கு கோழிகள் இறந்தால் அது அதிவீரியம். இறக்காவிட்டால் குறைவீரியம். தெளிவான அளவுகோல்தான். ஆனால் அது இன்று கையில் இருக்கும் வைரஸை மட்டுமே அளக்கும். நாளை அது என்னவாகும் என்பதை அளக்காது.

அமெரிக்காவில் அதிவீரிய வகை கடைசியாகத் தென்பட்டது 1929இல். அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த நோயைக் கண்ணால் பார்த்திராத தலைமுறை அப்போது களத்தில் இருந்தது. நிகழ்வின் மையமான லான்காஸ்டர் மாவட்டத்தில் கோழிப் பண்ணைகள் அடர்த்தியாக இருந்தன. ஒரு பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் இடையே தீவன வண்டி, முட்டை வண்டி, தடுப்பூசி போடும் ஆட்கள் என்று நாள்தோறும் போக்குவரத்து இருந்தது.

ஏப்ரல் 1983: முதலில் கண்டது

லான்காஸ்டர் மாவட்டத்துக் கோழிகளில் மூச்சுத் தொல்லை காணப்பட்டது. இருமல், தும்மல், மூக்கில் நீர், முட்டை உற்பத்தியில் சரிவு. சாவு இருந்தது, அச்சப்படும் அளவுக்கு இல்லை. கோழி வளர்த்தவர்களுக்கு இந்த அறிகுறிகள் புதியவை அல்ல. மூச்சுக்குழல் அழற்சி, குரல்வளை நோய், மைக்கோபிளாஸ்மா, வீரியம் குறைந்த ராணிக்கெட் நோய் என்று ஐந்தாறு நோய்கள் இதே முகத்தோடுதான் கொட்டகைக்குள் வரும். கண்ணால் பார்த்துப் பிரித்தறிய வழி கிடையாது.

மாதிரிகளைக் கருவுற்ற முட்டைகளில் வளர்த்தபோது எச்5என்2 வெளிப்பட்டது. கோழிகளுக்குச் செலுத்திப் பார்த்தபோது அவை சாகவில்லை. அளவுகோலின்படி குறைவீரியம்.

முதல் முடிவும் அதன் காரணமும்

மத்திய அரசின் ஒழிப்பு நடவடிக்கை தொடங்கப்படவில்லை. பாதித்த பண்ணைகள் தம்மைத் தனிமைப்படுத்திக்கொள்வது, நோய் தணியும் வரை காத்திருப்பது என்ற அளவில் விஷயம் நின்றது.

இந்த முடிவை இன்று குறை சொல்வது எளிது. அன்று அதிகாரிகளின் மேசையில் இருந்ததை வைத்துப் பார்த்தால் காரணம் புரியும். ஒழிப்பு நடவடிக்கை என்றால் கோழிகளை அழிக்க வேண்டும். அழித்தால் இழப்பீடு தர வேண்டும். அதற்குச் சட்ட அடிப்படை வேண்டும். அந்த அடிப்படை அதிவீரிய நோய்க்கே இருந்தது. பெரும்பாலான கோழிகள் பிழைத்து மீண்டும் முட்டையிடும் ஒரு நோய்க்காக ஒரு பண்ணையாளரின் கொட்டகையைக் காலி செய்யச் சொல்வதற்கு எந்த அலுவலரும் துணிந்திருக்க மாட்டார். பண்ணையாளர் ஒப்புக்கொண்டிருக்கவும் மாட்டார்.

ஆனாலும் அந்த முடிவுக்குள் சொல்லப்படாத ஓர் அனுமானம் இருந்தது. கொல்லாத வைரஸால் ஆபத்து குறைவு என்பதே அது. கொல்லும் திறனும் பரவும் திறனும் தனித்தனிக் குணங்கள். நோயுற்ற கோழி உயிரோடு இருந்தால் மூச்சிலும் எச்சத்திலும் பல நாட்கள் வைரஸை வெளியேற்றும். அது இட்ட முட்டை தட்டில் ஏறி வெளியே போகும். கோழியே விற்பனைக்குப் போகும். அதைப் பார்த்து யாரும் பதற மாட்டார்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வைரஸுக்கு இந்த வசதி முழுமையாகக் கிடைத்தது.

அக்டோபர் 1983

இலையுதிர் காலத்தில் காட்சி மாறியது. கோழிகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒடுங்கி நின்றன. தலையும் முகமும் வீங்கின. கொண்டையும் தாடியும் நீலம் பாய்ந்தன. கால் தோலின் அடியில் இரத்தக் கசிவு தெரிந்தது. ஓடில்லாத முட்டைகள் விழுந்தன, பிறகு முட்டையே இல்லை. சில மந்தைகளில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட கோழிகள் இறந்தன.

புதிய துணைவகை ஏதோ வெளியிலிருந்து நுழைந்துவிட்டது என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். ஆய்வகம் வேறு பதில் சொன்னது. மீண்டும் எச்5என்2. மரபணுக்களை ஒப்பிட்டபோது ஏப்ரல் வைரஸும் அக்டோபர் வைரஸும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. கோழிகளுக்குச் செலுத்தினால் மட்டும் ஒன்று இருமலைத் தந்தது, மற்றது கொன்றது.

இரண்டாம் முடிவு

இப்போது அளவுகோல் நிறைவேறிவிட்டது. நவம்பரில் மத்திய வேளாண்மைத் துறை அசாதாரண நெருக்கடி நிலையை அறிவித்தது. லான்காஸ்டரைத் தலைமையிடமாகக் கொண்டு சிறப்புப் படை ஒன்று இயங்கத் தொடங்கியது. பாதித்த பகுதி முழுவதும் தனிமைப்படுத்தப்பட்டது. நோய் கண்ட மந்தைகள் அழிக்கப்பட்டன. உரிமையாளர்களுக்கு இழப்பீடு வழங்கப்பட்டது. கொட்டகைகள் கழுவிக் கிருமிநீக்கம் செய்யப்பட்டன. நோய் இதற்குள் நியூ ஜெர்சி, மேரிலாந்து, வர்ஜீனியா மாநிலங்களையும் எட்டியிருந்தது.

வேறு வழிகளும் ஆராயப்பட்டன. மனிதர்களின் இன்ஃப்ளூயன்சாவுக்குக் கொடுக்கப்பட்ட அமான்டடின் என்ற மருந்தைக் குடிநீரில் கலந்து கொடுத்தால் கோழிகள் பிழைக்குமா என்று ஆய்வகத்தில் சோதித்தார்கள். முதலில் பிழைத்தன. ஆனால் மருந்துக்கு அடங்காத வைரஸ் விரைவிலேயே உருவாகி, பக்கத்திலிருந்த கோழிகளுக்கும் பரவியது. அந்த வழி கைவிடப்பட்டது நல்லதே. மந்தை முழுவதற்கும் மருந்து கொடுத்திருந்தால், கொல்லும் வைரஸ் ஒன்றோடு மருந்தை எதிர்க்கும் வைரஸ் ஒன்றும் மாவட்டத்துக்குப் பரிசாகக் கிடைத்திருக்கும்.

ஆய்வகத்தில் தெரியவந்தது

மெம்ஃபிஸ் நகரில் உள்ள புனித ஜூட் குழந்தைகள் ஆராய்ச்சி மருத்துவமனையின் ஆய்வாளர்கள் இரண்டு வைரஸ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரித்துப் பார்த்தார்கள். அவர்கள் கண்டதைப் புரிந்துகொள்ள ஒரு சிறு விளக்கம் தேவை.

ஹீமாக்ளூட்டினின் உருவாகும்போது ஒரே நீளத் துண்டாக உருவாகிறது. அதை ஒரு குறிப்பிட்ட இடத்தில் வெட்டினால்தான் வைரஸால் செல்லுக்குள் நுழைய முடியும். வெட்டும் வேலையை வைரஸ் செய்வதில்லை; கோழியின் நொதிகள் செய்கின்றன. வெட்டும் இடம் எளிமையாக இருந்தால் டிரிப்சின் போன்ற நொதிகளே அதை வெட்டும். அவை மூச்சுக்குழலிலும் குடலிலும் மட்டும் இருப்பவை. ஆகவே வைரஸும் அங்கேயே முடங்கும்: இருமல், முட்டைச் சரிவு, அவ்வளவுதான். வெட்டும் இடத்தில் லைசின், ஆர்ஜினின் போன்ற காரத்தன்மை கொண்ட அமினோ அமிலங்கள் வரிசையாகச் சேர்ந்துவிட்டால், உடலின் எல்லாச் செல்களிலும் உள்ள நொதிகள் அதை வெட்டிவிடும். இதயம், மூளை, இரத்தக் குழாய் என்று எங்கும் வைரஸ் பெருகும். கொண்டை நீலமாவதும் தலை வீங்குவதும் அதனால்தான். எச்5, எச்7 என்ற இரண்டு துணைவகைகளுக்கே இயற்கையில் இப்படி மாறும் பழக்கம் காணப்பட்டிருக்கிறது. எச்9என்2 பல பத்தாண்டுகளாகக் கோழிகளிடையே பரவலாகச் சுற்றிவந்தும் இந்த மாற்றத்தை அடையவில்லை.

இனி பென்சில்வேனியாவின் விசித்திரம். ஏப்ரல் வைரஸின் வெட்டும் இடத்திலேயே காரத்தன்மை அமினோ அமிலங்கள் வரிசையாக இருந்தன. அதாவது சாகடிக்கும் கருவி ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்தது. ஆனால் அந்த இடத்தின் அருகே ஒரு சர்க்கரைச் சங்கிலி ஒட்டிக்கொண்டு, நொதிகள் நெருங்க முடியாதபடி மூடியிருந்தது. அக்டோபர் வைரஸின் ஹீமாக்ளூட்டினினில் 13ஆம் இடத்தில் திரியோனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக லைசின் வந்து, சர்க்கரை ஒட்டும் இடம் அழிந்தது. மூடி கழன்றது. கோழிகளுக்குச் செலுத்தும் சோதனையில் ஏப்ரல் வைரஸ் தேறிவிட்டதற்கு முக்கியக் காரணம் அந்த மூடிதான்.

ஏப்ரல் மாதிரியில் இன்னொரு விஷயமும் இருந்தது. முழுமையடையாத, குறைபட்ட வைரஸ் துகள்கள் அதில் ஏராளமாகக் கலந்திருந்தன. அவை முழு வைரஸின் பெருக்கத்துக்குத் தடையாக நிற்பவை. ஏப்ரல் மாதிரியையும் கொல்லும் வைரஸையும் சேர்த்துச் செலுத்தியபோது கோழிகள் பல பிழைத்தன. ஏப்ரல் நோயின் மென்மைக்கு இதுவும் துணைபோயிருக்கலாம்.

பரவல்: கோழியிடமா, மனிதரிடமா?

அந்தப் பகுதியின் காட்டுப் பறவைகளை ஆயிரக்கணக்கில் பிடித்துச் சோதித்தார்கள். பண்ணைக்குப் பண்ணை நோயைச் சுமந்தவை அவைதான் என்று சொல்லும்படியான ஆதாரம் கிடைக்கவில்லை. வாத்துகளுக்கு வைரஸைச் செலுத்தியபோது அவை நோயுறவில்லை. விரல் மீண்டும் மீண்டும் மனிதர்களின் போக்குவரத்தையே காட்டியது: முட்டைத் தட்டுகள், கோழி ஏற்றும் வண்டிகள், எரு அள்ளும் கருவிகள், காலணிகள்.

கோழிக்கும் கோழிக்கும் இடையில் இரண்டு திரிபுகளும் எப்படிப் பரவின என்பதற்கு விடை இருபது ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1983ஆம் ஆண்டின் இந்த வைரஸ்களையே எடுத்து, நோயூட்டிய கோழிகளையும் நலமான கோழிகளையும் ஒரே கூண்டில் அடைத்து எண்ணிப் பார்த்தார்கள். 2003இல் வெளியான அந்த முடிவின்படி அதிவீரியத் திரிபு குறைவீரியத் திரிபைவிடத் தெளிவாகவே அதிகம் பரவியது. குறைவீரிய வகையால் முன்பு பாதிக்கப்பட்டுத் தேறிய கோழிகள் அதிவீரிய வகைக்கு எளிதில் ஆட்படவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் குழப்பமாக இருந்தது. கூண்டில் அவ்வளவு சுமாராகப் பரவிய குறைவீரிய வைரஸ், மாவட்டத்தில் ஆறு மாதம் எப்படித் தாக்குப்பிடித்தது? என் கணிப்பு இது: கூண்டுக்குள் நடக்கும் பரவலும் பண்ணைகளுக்கு இடையே நடக்கும் பரவலும் வேறு வேறு. கூண்டுக்குள் வைரஸின் அளவும் வேகமும் கணக்கில் வரும். பண்ணைகளுக்கு இடையே கணக்கில் வருவது, நோயுற்ற மந்தை எத்தனை நாள் கவனிக்கப்படாமல் இயங்குகிறது என்பது. அதிவீரிய வைரஸ் தன் வரவைத் தானே அறிவித்துவிடும். சாவு எண்ணிக்கை ஏறியதும் கதவு பூட்டப்படும். குறைவீரிய வைரஸுக்குக் கதவு திறந்தே இருக்கும்.

ஹாங்காங்கில் 1997இல் நடந்தது இதற்கு இன்னொரு கோணம். மனிதரையும் கொன்ற எச்5என்1, அங்கே கோழிச் சந்தைகளில் இருந்த பல கோழிகளில் காணப்பட்டது. அவையோ பார்வைக்கு நலமாக இருந்தன. அதே சந்தைகளில் எச்9என்2 ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தது. அந்த எச்9என்2 தந்த செல்வழி எதிர்ப்புச் சக்தி (நோயெதிர்ப்புச் செல்கள் நேரடியாகத் தரும் பாதுகாப்பு) கோழிகளை எச்5என்1இன் சாவிலிருந்து காத்தது, ஆனால் வைரஸ் வெளியேறுவதை நிறுத்தவில்லை என்று பின்னர் ஆய்வகச் சோதனைகள் காட்டின. அதிவீரிய வைரஸுக்கே முகமூடி கிடைத்த கதை அது. வேறு சில திரிபுகள் எதிர்த்திசையில் நடந்துகொள்கின்றன: 2014 இறுதியில் காட்டுப் பறவைகள் வழியாக வட அமெரிக்காவை அடைந்த எச்5என்8, கோழியைக் கொல்லும் திறன் கொண்டிருந்தும், கோழிக்கு நோயூட்ட அதிக அளவு வைரஸ் தேவைப்பட்டது, பக்கத்துக் கோழிக்கும் சரியாகப் பரவவில்லை. நீர்ப்பறவைகளுக்குப் பழகிய வைரஸ் கோழிக்குப் பழகக் கால அவகாசம் கேட்கிறது.

விளைவு

1984இல் நோய் ஒழிக்கப்பட்டது. அதற்குள் 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள் அழிக்கப்பட்டிருந்தன. அரசின் செலவு 6 கோடி டாலரைத் தாண்டியது. முட்டை விலை ஏறியதால் நுகர்வோர் கூடுதலாகச் செலுத்தியது ஏறக்குறைய 35 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்டது.

ஒழிப்பு என்ற சொல்லையும் கவனமாகத்தான் சொல்ல வேண்டும். 1986இல் அதே வழித்தோன்றலைச் சேர்ந்த எச்5என்2, குறைவீரிய வடிவில், நியூயார்க், நியூ ஜெர்சி பகுதிகளின் உயிர்க்கோழிச் சந்தைகளிலும் பென்சில்வேனியாவின் சில மந்தைகளிலும் மீண்டும் கிடைத்தது. பண்ணைகளை மட்டும் துப்புரவு செய்துவிட்டு, பண்ணையிலிருந்து கோழி போய்ச் சேரும் இடத்தைக் கவனிக்காமல் விட்டதன் பலன். சந்தைக்குப் போய்த் திரும்பும் வண்டியும் கூண்டும் எதையெல்லாம் திருப்பிக் கொண்டுவரும் என்பது அப்போதுதான் உறைத்தது.

என்ன மாறியது, எது மாறவில்லை

1986இல் யாரும் அக்டோபருக்காகக் காத்திருக்கவில்லை. மென்மையான வடிவிலேயே மந்தைகள் அழிக்கப்பட்டன.

ஆனால் இந்தப் பாடம் எல்லைகளைத் தாண்டிப் பயணம் செய்யவில்லை. மெக்சிகோவில் 1994 மே மாதம் குறைவீரியமாகக் கண்டறியப்பட்ட எச்5என்2, ஆண்டு முடிவதற்குள் கொல்லும் வடிவமாக மாறியது. இத்தாலியில் 1999 மார்ச்சில் குறைவீரியமாகத் தொடங்கிய எச்7என்1, டிசம்பரில் அதிவீரியமாகி 1 கோடியே 30 லட்சம் பறவைகளைப் பலிகொண்டது. சிலியில் 2002இலும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2004இலும் எச்7என்3 அதே பாதையில் போனது. அங்கே வைரஸ் தன்னுடைய வேறொரு மரபணுவிலிருந்து ஒரு துண்டை எடுத்து வெட்டும் இடத்தில் செருகிக்கொண்டது. வழிகள் பல. முதல் கட்டத்தில் கண்ட காட்சி ஒன்றே: இருமும் கோழிகளும், காத்திருக்கும் மனிதர்களும்.

உலக விலங்கு நலன் அமைப்பு தன் விதிகளை மாற்றி, கோழிகளில் எச்5, எச்7 எது கண்டறியப்பட்டாலும், வீரியம் குறைவாக இருந்தாலும், அறிவிக்க வேண்டும் என்று சொன்னது 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில்தான். வெட்டும் இடத்தின் அமினோ அமில வரிசையைப் படிப்பதும் இப்போது அளவுகோலின் பகுதி. ஆனால் 1983 ஏப்ரலில் அந்த வரிசையைப் படித்திருந்தாலும் விடை குழப்பமாகவே இருந்திருக்கும். வரிசை அதிவீரியம் என்று சொல்லியிருக்கும், கோழி சாகவில்லை என்று கொட்டகை சொல்லியிருக்கும். இப்போதைய விதிப்படி அத்தகைய வரிசை கொண்ட வைரஸ், கோழியைக் கொல்லாவிட்டாலும் அதிவீரியமாகவே நடத்தப்படும்.

இதே நிகழ்வு மீண்டும் வந்தால் நான் மாற்ற விரும்புவது இழப்பீட்டின் நேரத்தை. மூச்சுத் தொல்லையும் முட்டைச் சரிவும் கண்ட பண்ணையாளர் மாதிரி அனுப்பத் தயங்குவது, எச்5 என்று முடிவு வந்தால் தன் கொட்டகை மட்டும் காலியாகும் என்ற அச்சத்தால். சாவு தொடங்கிய பிறகுதான் பணம் என்றால், சாவு தொடங்கும் வரை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

2002இல் வர்ஜீனியாவில் எச்7என்2 குறைவீரிய வடிவில் பரவியபோது 47 லட்சம் பறவைகள் அழிக்கப்பட்டன. 197 பண்ணைகள் பாதிக்கப்பட்டிருந்தன. அந்த வைரஸ் கடைசி வரை கொல்லும் வடிவத்துக்கு மாறவேயில்லை. மாறுவதற்கு முன் நிறுத்தப்பட்டதா, விட்டிருந்தாலும் மாறியிருக்காதா என்பதைக் கோழிகளை இழந்த ஒருவருக்கு நிரூபித்துக் காட்ட எந்த ஆய்வகத்தாலும் முடியவில்லை.